கண்டி மாவட்டம் என்னும் கணக்கும் ஹுன்னஸ்கிரியவின் பிள்ளைகளும்

கண்டி நகரிலிருந்து கிழக்கே மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு குண்டசாலை, திகன, தெல்தெனிய, மெதமகாநுவர ஆகிய இடங்களைக் கடந்து மலையேறி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. அங்கிருந்து பிரியும் கிளைவீதி நக்கிள்ஸ் மலைத்தொடரின் இடுக்குகளுக்குள் நுழைந்து மீமுரே வரை செல்கின்றது. இப்பிரதேசத்தின் மூடுபனியையும் காட்டையும் சுற்றுலாக் கையேடுகள் போற்றுகின்றன. நக்கிள்ஸ் காடு 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றதன் பின்னர் அப்போற்றுதல் மேலும் பெருகிற்று. வரலாற்று நூல்களோ கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் மெதமகாநுவரவுக்கு அண்மையிற் சிறைப்பட்டதை விரித்துரைத்துவிட்டு, அம்மன்னனோடு இவ்வூர்களையும் கைவிட்டுவிடுகின்றன. அதன் பின்னர் இம்மலைகளிற் கோப்பி வந்தது. கோப்பி நோயுற்று அழியத் தேயிலை வந்தது. இரண்டையும் நட்டு வளர்த்தெடுக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் இன்று எதனைக் கற்கின்றனர், எந்த வகுப்புடன் நின்றுவிடுகின்றனர் என்ற வினாவுக்குச் சுற்றுலாக் கையேட்டிலும் விடையில்லை. வரலாற்று நூலிலும் விடையில்லை. கல்வித் திணைக்களத்தின் புள்ளிவிபரத்தில் விடை இருக்கவேண்டும். அங்கும் அது இல்லையென்பதும், இல்லாமற் போனது தற்செயலன்று என்பதுமே ஈண்டு நிறுவப்பட வேண்டியவை.

இலங்கையிற் கல்விப் பெறுபேறு மாவட்ட அடிப்படையிற் பேசப்படுகின்றது. க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வெளியானதும் எந்த மாகாணம் முதலிடம், எந்த மாவட்டம் பின்தங்கியது, எந்த வலயம் முன்னேறியது எனப் பத்திரிகைகள் அட்டவணை இடுகின்றன. கண்டி மாவட்டம் அவ்வட்டவணையிற் பெரும்பாலும் தலைநிமிர்ந்தே நிற்கும். நிற்பதற்கு நியாயமும் உண்டு. திரித்துவக் கல்லூரி 1872இலும், மகளிர் உயர்தரப் பாடசாலை 1879இலும், தர்மராஜக் கல்லூரி 1887இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891இலும் தோன்றிய நகரம் அது. மிசனரிமாரும் அவர்களோடு போட்டியிட்ட பௌத்த இயக்கத்தினரும் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கல்விச் செல்வம் அந்நகரில் உண்டு. ஆய்வுகூடமும் நூலகமும் பழைய மாணவர் சங்கமும் உண்டு. தனியார் வகுப்புகள் நிறைந்த வீதிகளும் உண்டு. அந்தச் செல்வத்தினின்று விளையும் சித்தி வீதத்தை எடுத்து, நாற்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தேயிலைமலைப் பாடசாலையின் வெறுமையோடு கூட்டி, இரண்டால் வகுத்து, வந்த எண்ணுக்குக் கண்டி மாவட்டம் என்று பெயரிடுகின்றனர். ஆழமான ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு இறங்கியவன் கதைதான் இது. மூழ்கியவனுக்குச் சராசரியால் ஆறுதல் கிடைப்பதில்லை.

சராசரி வெறும் அட்டவணையாக இருந்துவிட்டாற் பாதகமில்லை. அது சட்டமாகும்போதுதான் அநீதி ஆகின்றது. பல்கலைக்கழக அனுமதியில் நிகழ்வது அதுவே. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை ஆகியன அப்பதினாறினுள் அடங்கும். கண்டி அடங்காது. ஹுன்னஸ்கிரியவை அடுத்த தோட்டப் பாடசாலையிற் பயின்று, எவ்வாறோ உயர்தர விஞ்ஞான வகுப்பு வரை வந்து சேர்ந்த ஒரு மாணவி, தன்னைப் போன்ற நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பிள்ளையுடன் போட்டியிடுவதில்லை. கண்டி நகரத்தின் மிகச் சிறந்த பாடசாலைகளின் மாணவருடன் போட்டியிடுகின்றாள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கண்டியின் வெட்டுப்புள்ளி நுவரெலியாவின் வெட்டுப்புள்ளியிலும் பார்க்கப் பெரும்பாலான ஆண்டுகளில் உயர்ந்தே வந்துள்ளது. ஒரே மாதிரியான லயத்திற் பிறந்து, ஒரே விதமான பாடசாலையிற் பயின்று, ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள், மாவட்ட எல்லைக்கு அப்பாற் பிறந்தவள் மருத்துவபீடம் செல்வதும் இப்பாற் பிறந்தவள் வீடு செல்வதும் இம்முறையில் முற்றிலும் சாத்தியமானவை. பின்தங்கியோருக்குக் கைகொடுக்கவென வகுக்கப்பட்ட ஏற்பாடு, முன்னேறிய மாவட்டத்துக்குள் வாழும் பின்தங்கியோரைக் கைவிடுகின்றது.

இதனிலும் கூர்ந்து நோக்கற்பாலது பிறிதொன்று. 55 சதவீதப் பங்கு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகைக்கு ஏற்பக் கணிக்கப்படுகின்றது. தோட்டங்களில் வாழ்வோரும் அத்தொகையில் அடங்குவர். அஃதாவது, கண்டி மாவட்டத்துக்கு எத்தனை இடங்கள் என்று எண்ணும்போது ஹுன்னஸ்கிரிய, ரங்கல, நக்கிள்ஸ் தோட்டங்களின் தலைகளும் எண்ணப்படுகின்றன. எண்ணி முடிந்து இடங்களைப் பகிரும்போது அத்தலைகளுக்குரிய பிள்ளைகள் வரிசையில் இல்லை. தமக்கென ஒதுக்கப்பட்டவற்றைத் தாம் பெறாமல் பிறருக்கு ஈட்டிக் கொடுக்கும் நிலை, கொழுந்து பறித்தலில் மட்டுமன்றி இருக்கை பகிர்தலிலும் அவர்களைத் தொடர்கின்றது.

இந்த எண்கணிதம் மலையக மக்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த சட்டங்களும் அவர்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. ஆயினும் பாராளுமன்றத் தொகுதிகளை வகுத்தபோது வாக்கற்ற அவர்களின் தொகையும் கணக்கிடப்பட்டது. விளைவு யாது? மலைநாட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கை பெருகிற்று. அத்தொகுதிகளில் வாக்களித்தோர் வேறாயினர். அன்று ஆசனங்களுக்காக எண்ணப்பட்டவர்கள் இன்று பல்கலைக்கழக இடங்களுக்காக எண்ணப்படுகின்றனர். நாடற்றோர் என்ற நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒருவாறு முடிவுக்கு வந்தது; எண்ணப்பட்டும் பெறாதோர் என்ற நிலை முடிவுக்கு வரவில்லை.

இந்நிலைக்குக் காரணம் கேட்டால் நகரத்துப் படித்தோரிடமிருந்து ஒரு விடை உடனடியாக வருகின்றது: தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை. ஆசிரியர் ஓய்வறைகளிலும், கல்வி அலுவலகங்களிலும், சில வேளைகளிற் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலுங்கூட இவ்விடை ஒலிக்கக் கேட்கலாம். தந்தை குடிப்பான், தாய் எழுத்தறியாள், பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான் என்று அது மூன்று வாக்கியத்தில் ஒரு சமூகத்தின் வரலாற்றை முடித்துவைக்கின்றது. எளிதான விடை, சொல்பவருக்கு எவ்விதப் பொறுப்பையும் ஏற்படுத்தாத விடை. அதன் பெறுமதியை வரலாற்றின் துணைகொண்டு அளவிடுதல் வேண்டும்.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையை அரசு முதன்முதலாகச் சட்டத்தில் எழுதியது 1907ஆம் ஆண்டில். அக்கடமையை அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்துரையின் தலையில் வைத்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைக்குத் தாய்மொழியிற் சிறிது எழுத்தும் சிறிது கணக்கும் போதுமென்று கருதப்பட்டது. பத்து வயதின் பின் அப்பிள்ளை மலைக்குரியது. எழுத்தறிந்த தொழிலாளி இலாபத்துக்கு உதவான் என்பதைத் துரைமார் நன்கறிந்திருந்தனர். ஆகவே பாடசாலை என்பது பெரும்பாலும் லயத்தின் ஓர் அறை அல்லது பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலை. ஆசிரியர் என்பவர் பகலிற் கணக்குப்பிள்ளைக்கு உதவி செய்து மாலையிற் பாடஞ் சொன்ன ஒருவர். 1943இல் கன்னங்கரா குழுவின் அறிக்கை வந்தது; 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது; கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் வடக்கின் விவசாயி வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும் மத்திய மகாவித்தியாலயங்களின் வழியே பல்கலைக்கழகம் வரை ஏறினர். அவ்வெள்ளம் தோட்டத்து எல்லைக்கல்லில் நின்றது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977இன் பின்னரே பாடசாலைகள் படிப்படியாகத் தேசிய கல்வி முறைக்குள் வந்தன. இலவசக் கல்வி இந்நாட்டின் பிற பிள்ளைகளுக்கு வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே தோட்டத்துப் பிள்ளையின் வாசலுக்கு வந்தது. முப்பதாண்டுகள் பிந்தி வந்த கதவை எவரும் தட்டவில்லை என்று குறைகூறுவதற்குத் தனியான துணிவு வேண்டும்.

கண்டி மாவட்டத்தைப் பொறுத்தவரை அக்கதவு திறந்த வேளையிற் பிறிதொரு கதவு அடைபட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 300,000 பேர் இங்கு ஏற்றுக்கொள்ளப்படவும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பங்கிட்டன. காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் நடுத்தர உயரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அவர்களுட் பலர் நகர வீதிகளிற் பிச்சையெடுத்தனர். 1977இலும் 1983இலும் வன்செயல்கள் தொடர்ந்தன. கப்பலேறியவர்களோடு பிள்ளைகளும் சென்றனர். பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் ஆசிரியர் குறைந்தனர். ஆசிரியர் குறைந்த பாடசாலை தரமிறங்கிற்று. நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் செறிந்து எஞ்சினர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்திற் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. அதனால் அங்கு பாராளுமன்ற உறுப்பினர் உண்டு, அமைச்சர் உண்டு, அவர்கள் வழியே கட்டடம் உண்டு, ஜேர்மனிய உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் உண்டு. கண்டி மாவட்டத்தில் இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் அதே மதிப்பீட்டில் ஏறத்தாழ 6 சதவீதமே. மலையகம் என்றாலே அட்டன் என்று எண்ணிக் கொள்ளும் தமிழ் அரசியலும், தமிழ் எழுத்தும், தமிழ்ப் பத்திரிகையும் இவ்விடயத்திற் குற்றமற்றவை அல்ல. தும்பறை மலைகளின் தமிழனைக் கொழும்பு மறந்தது பெரிதன்று, அட்டனும் மறந்தது.

இனிப் பெற்றோரின் அக்கறைக்கு வருவோம். தோட்டத்துத் தாய் விடியுமுன் எழுகின்றாள். சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பிரட்டுக்களத்துக்குச் செல்கின்றாள். அவள் மலைக்குப் போனபின்னரே பாடசாலை செல்லும் பிள்ளை புறப்படுகின்றது. அதனைக் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்ப மூத்த பெண்பிள்ளையொன்று வீட்டில் இருக்க நேர்கின்றது. அந்த மூத்த பிள்ளையின் வரவுப் பதிவேட்டில் அன்று வெற்றிடம் விழுகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவொன்றில் ஆறேழு பேர் உறங்கும் வீட்டிற் படிப்பதற்கு எந்த மூலை எஞ்சும்? 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாட்டில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமானச் செலவின ஆய்வு, நாட்டில் 14.3 சதவீதத்தினர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனரெனவும், தோட்டத்துறையில் அது 33.8 சதவீதமெனவும் காட்டிற்று. அதன் பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்தது. முதலாம் வகுப்பில் நுழையுமுன்னரே மூன்றிலொரு பிள்ளை உடலளவிற் குன்றியிருக்கும் இடத்தில், ஐந்தாம் வகுப்புப் புள்ளியைக் கையிலேந்தி அக்கறையைப் பற்றிப் பேசுவது அறியாமையா, அல்லது அறிந்தே செய்யும் கொடுமையா?

கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தோட்டங்களுக்கு இன்னுமொரு விசேடம் உண்டு. 1992இற் பெருந்தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோது இலாபந்தரத்தக்க உயர்மலைத் தோட்டங்கள் அவற்றுக்குச் சென்றன. இம்மாவட்டங்களின் தோட்டங்களுட் பல மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் ஆகிய அரசசார்பு அமைப்புகளிடமே எஞ்சின. இவற்றின் தொழிலாளருக்குச் சேரவேண்டிய ஊழியர் சேமலாப நிதி நெடுங்காலம் நிலுவையாகக் கிடந்தமை பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட விடயம். ஓய்வுபெற்ற பாட்டனின் சேமலாப நிதி வந்திருந்தால் அது பேத்தியின் விடுதிக் கட்டணமாகியிருக்கும். இப்பிள்ளையின் கல்வி வறுமை பெற்றோரின் மனத்தில் விளைந்ததன்று, கணக்கேட்டில் விளைந்தது.

அக்கறையின்மைக் கோட்பாட்டை உடைக்க வேறு சான்றும் உண்டு. 1960களில் அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் முதலிய ஆசிரியர்கள் ஒரு தலைமுறையையே உருவாக்கினர். அவர்களிடம் பயின்றோர் பிற்காலத்தில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் நிருவாகிகளாகவும் தொழிற்சங்கவாதிகளாகவும் வெளிவந்தனர். அவர்களின் பெற்றோர் வேறு உலகத்திலிருந்து வந்தவர்களல்லர். அதே லயம், அதே பிரட்டு, அதே சம்பளம். மாறியது ஒன்றே: தகுதியான ஆசிரியரும் மேல்வகுப்பும் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தன. பள்ளி கிடைத்த இடத்தில் அக்கறை கிடைத்தது. பள்ளி இல்லாத இடத்தில் அக்கறையைத் தேடுவோர் கிணறு வெட்டாத நிலத்தில் நீரிறைக்க வரவில்லையென ஊரைக் கடிகின்றனர்.

அவ்வாறாயின் ஹுன்னஸ்கிரிய போன்ற இடங்களுக்கு எத்தகைய ஆசிரியர் அனுப்பப்படுகின்றனர்? 2015ஆம் ஆண்டளவிற் பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்கவென ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு நியமனம் வழங்கத் திட்டமிடப்பட்டது. அவர்களுக்கு ஆசிரியர் என்று பெயரில்லை. ஆசிரியர் உதவியாளர் என்று பெயர். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. கிளர்ச்சிகளின் பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் அதே தோட்டங்களின் பிள்ளைகள், உயர்தரம் சித்தியெய்திய இளைஞர், யுவதிகள். நகரத்துப் பிள்ளைக்குப் பட்டதாரி ஆசிரியர். தோட்டத்துப் பிள்ளைக்குப் பயிற்சியற்ற உதவியாளர். உதவியாளருக்குத் தோட்டத் தொழிலாளியின் கூலியை ஒத்த கூலி. ஒரு சமூகத்தின் அறிவார்வத்தை மலிவு விலைக்கு வாங்கி, அதே சமூகத்தின் பிள்ளைகளுக்கு மலிவான கல்வியாக விற்ற இவ்வேற்பாட்டைச் சிலர் சாதனை என்று மேடைகளிற் பேசியதும் உண்டு. அவ்வுதவியாளர்கள் மழையிலும் பனியிலும் நடந்து சென்று கற்பித்தமையாலேயே பல பாடசாலைகள் மூடப்படாதிருந்தன என்பது வேறு விடயம்; அதற்குரிய நன்றி அவர்களுக்கே உரியது, திட்டமிட்டோருக்கு அன்று.

பாடசாலைகளின் வகையும் இதனையே காட்டும். உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் 1ஏபீ எனப்படுகின்றன. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பான்மை இரண்டாம், மூன்றாம் வகையைச் சார்ந்தவை; ஐந்தாம் தரத்துடனோ பதினோராம் தரத்துடனோ முடிபவை. ஆரம்ப வகுப்பு முடிந்ததும் பிள்ளை வேறு பாடசாலை செல்லவேண்டும்; சாதாரணதரம் முடிந்ததும் மீண்டும் வேறு பாடசாலை. ஒவ்வொரு மாற்றமும் தூரத்தைக் கூட்டுகின்றது. தூரம் பஸ் கட்டணத்தைக் கூட்டுகின்றது. மழைக்காலத்தில் மண்சரிந்து வீதி அறுந்தால் கட்டணம் இருந்தும் பயனில்லை. உயர்தரத்தில் நுழைவதற்குச் சாதாரணதரத்தில் ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்குதலும் வேண்டும். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் மூன்றாண்டு பயின்ற பிள்ளை அந்த ஒரே படலையில் முட்டி நின்றுவிடுகின்றது. இதனைப் பரீட்சைத் திணைக்களம் ‘சித்தியடையவில்லை’ என்று பதிவு செய்கின்றது. பரீட்சிக்கப்பட்டது கற்பிக்கப்பட்டதா என்று பதிவு செய்யும் நிரல் அவ்வட்டவணையில் இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டுத் தொலைபேசி வழியே பாடம் நடந்தபோது, சமிக்ஞை தேடிக் குன்றுகளிலும் பாறைகளிலும் ஏறிய மலைநாட்டுப் பிள்ளைகளின் படங்கள் உலகெங்கும் பரவின. படங்களைக் கண்டு இரங்கினர். அப்பிள்ளைகளே பின்னர் அதே வினாத்தாளை அதே நேரத்தில் எழுதினர் என்பது பலருக்கு நினைவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வறிய கிராமத்துப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து மத்திய மகாவித்தியாலய விடுதியில் வைத்துக் கற்பிக்கவென எழுந்த ஏற்பாடு அது. இன்று அது நகரத்துப் பிரபல பாடசாலைக்கு நுழைவுச்சீட்டாக மாறியுள்ளது. தோட்டத்துப் பாடசாலையில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையோ இரு பிள்ளைகளோ வெட்டுப்புள்ளியைக் கடந்தால், பாடசாலை வாயிலிற் பதாகை எழும், பூமாலை விழும், அரசியல்வாதி வந்து படம் எடுப்பார். அடுத்த தையில் அப்பிள்ளை, உறவினர் வீடு வாய்த்தால், நகரத்துக்குப் போய்விடும். வாய்க்காவிடின் சித்திச் சான்றிதழைத் தகரப்பெட்டியில் வைத்துப் பழைய இடத்திலேயே இருக்கும். பதாகையில் ஒரு முகம். அதே வகுப்பில் எஞ்சிய முப்பது முகங்களின் புள்ளியை எவரும் எழுதுவதில்லை. ஒரு பாடசாலையின் தரத்தை அதன் மிகச் சிறந்த பிள்ளையைக் கொண்டு அளப்பது, ஒரு தோட்டத்தின் நலத்தைத் துரையின் பங்களாவைக் கொண்டு அளப்பது போன்றது.

அளவுகோலின் கோளாறே இவையனைத்திலும் ஊடுருவி நிற்கின்றது. இக்கோளாற்றைப் பிற நாடுகள் எதிர்கொண்ட விதம் அறிதற்குரியது. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டின் பிளௌடன் அறிக்கை, பின்தங்கிய வட்டாரங்களைக் ‘கல்வி முன்னுரிமைப் பிரதேசங்கள்’ எனக் குறித்து அவற்றுக்கு மேலதிக வளம் வழங்கப் பரிந்துரைத்தது. துணிவான கருத்து. ஆயினும் வறிய பிள்ளைகளுட் பெரும்பாலோர் அவ்வாறு குறிக்கப்பட்ட பிரதேசங்களுக்கு வெளியே வாழ்வதைப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். வட்டாரம் பெரிதாகப் பெரிதாக அதற்குள் ஏழை மறைகின்றான். 2011 முதல் அந்நாட்டில் மேலதிக நிதி, வறிய பிள்ளையின் தலையைக் கணக்கிட்டு அப்பிள்ளை பயிலும் பாடசாலைக்கே செல்கின்றது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிகளிற் பயின்றோருக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீத உள்ளொதுக்கீட்டை வழங்கிற்று. அதற்கு முன்னர் ஆண்டுக்கு ஒருசிலரே அவ்வாறு நுழைந்தனர். முதலாண்டிலேயே அத்தொகை முந்நூறைத் தாண்டிற்று. சென்னை மாவட்டத்துப் பிள்ளை என்றோ தருமபுரி மாவட்டத்துப் பிள்ளை என்றோ அச்சட்டம் கேட்கவில்லை. எந்தப் பள்ளியிற் பயின்றாய் என்று கேட்டது.

இலங்கையிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் மாணவன் எம்மாவட்டத்தான் என்ற தகவல் உண்டு. எப்பாடசாலையிற் பயின்றான் என்ற தகவலும் உண்டு. பாடசாலைகளின் வகையும் வசதிநிலையும் கல்வி அமைச்சின் ஏடுகளில் உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 சதவீதத்தைப் பின்தங்கிய பாடசாலைகளுக்கெனத் திருத்துவதற்குப் புதிய ஆணைக்குழு வேண்டியதில்லை. எதிர்ப்பாளர் இரண்டு வாதங்களை எழுப்புவர். இது இனவாரியான சலுகை என்பது முதலாவது. அன்று. மீமுரேயின் சிங்களப் பிள்ளையும் ஹுன்னஸ்கிரியவின் தமிழ்ப் பிள்ளையும் இதே வெட்டுப்புள்ளியால் வெட்டுண்டவர்களே. மாவட்ட ஒதுக்கீடு இருவரையும் ஒருங்கே ஏமாற்றியுள்ளது. பாடசாலையை அலகாகக் கொண்டால் மொழி கேட்கப்படுவதில்லை. நகரத்து வசதிபடைத்தோர் தம் பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் வறிய பாடசாலைக்கு மாற்றி இடம் பறிப்பர் என்பது இரண்டாவது வாதம். இன்றும் பின்தங்கிய மாவட்டங்களை நாடிச் செல்வோர் உளர். ஆதலால் அச்சம் நியாயமானதே. ஆறாம் தரம் முதல் தொடர்ச்சியாக அங்கே பயின்றிருத்தல் வேண்டுமென்ற விதி அதனைத் தடுக்கும். எட்டாண்டுகள் தம் பிள்ளையைத் தோட்டப் பாடசாலையில் வைத்திருக்கத் துணியும் நகரத்துப் பெற்றோர் இருப்பின், அவர்களால் அப்பாடசாலைக்கு ஆய்வுகூடமாவது கிடைக்கும்.

ஆனால் ஒதுக்கீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு பொய்மையும் உண்டு. உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழ்மொழியிற் கற்கும் வாய்ப்பு அருகில் இல்லாதவிடத்து, ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர எவரும் வரப்போவதில்லை. கீழ்ப்படி இல்லாத ஏணியின் மேற்படியைப் புதுப்பிப்பதால் யாது பயன்? தெல்தெனியக் கல்வி வலயம் முதலிய வலயங்களில் ஒவ்வொன்றிலும், தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கொண்ட பாடசாலையொன்றேனும், அதனோடிணைந்த மாணவர் விடுதியொன்றும் அமைதல் முதற்றேவை. விடுதி என்ற சொல்லை அழுத்திக் கூறவேண்டும். கன்னங்கரா காலத்து மத்திய மகாவித்தியாலயங்கள் வென்றது கட்டடத்தாலன்று, விடுதியால். மழையையும் தூரத்தையும் மூத்த பிள்ளையின் வீட்டு வேலையையும் காம்பராவின் இருட்டையும் ஒருங்கே தீர்ப்பது அது ஒன்றே.

பல்கலைக்கழகத்தாரின் பங்கையும் விட்டுவிடலாகாது. பேராதனை வளாகம் எழுந்த நிலத்தில் ஒரு பகுதி முன்னர் புதிய பேராதனைத் தோட்டம் என்னும் தேயிலைத் தோட்டமாயிருந்தது. அத்தோட்டத்தில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் வளாகத்தினுள் மாணவராக நுழைவதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதை இங்குள்ள எந்த ஆய்வேடும் இதுவரை தனிப்பொருளாகக் கொண்டதாகத் தெரியவில்லை. தமிழ் மாணவர் ஆண்டுதோறும் உயர்தர மாணவருக்குக் கருத்தரங்குகள் நடத்துகின்றனர், பாராட்டத்தக்க பணி. அவை நடைபெறுவது நகர மண்டபங்களில். வருவோர் ஏற்கெனவே உயர்தரம் வரை பிழைத்து வந்தவர்கள். இடைவிலகுவோர் விலகுவது எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தரங்களில், பெரும்பாலும் கணிதப் பாடத்தின் காரணமாக. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் காலைப் பஸ்ஸில் ஏறினாற் பாடசாலை மணி அடித்துச் சிறிது நேரத்துக்குள் ஹுன்னஸ்கிரியவில் இறங்கலாம். பிற்பகல் திரும்பிவரவும் பஸ் உண்டு. சனிக்கிழமைகளில் இரண்டு பொறியியற்பீட மாணவர் ஒன்பதாந் தர வகுப்பொன்றின் கரும்பலகைக்கு முன் நிற்பதற்கு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டியதில்லை; அதிபரின் அனுமதியும் ஒரு பெட்டி வெண்கட்டியும் போதும்.